பங்குனி வெயில் அடிக்கிறது, உடம்போ நடுங்குகிறது: நாளை வேலைக்குப் போக வழி சொல்லுங்கள்

அம்பாசமுத்திரத்துப் பெண்
எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. வசந்தம் பிறந்துவிட்டது என்கிறார்கள், வெயிலும் பளிச்சென்று அடிக்கிறது. ஆனால் இன்று காலை பஸ்ஸுக்கு நின்றபோது உடம்பு உதறத் தொடங்கிவிட்டது. பற்கள் தந்தியடித்ததில் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வேலைக்குப் போகாமல் அறைக்குத் திரும்பிவிட்டேன். இருப்பதிலேயே தடிமனான ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தேன். அம்மா போனில் அழுகிறார், திரும்பி வந்துவிடு என்கிறார். நாளையும் லீவு போட்டால் வேலை நிலைக்குமா என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

கல்லிடைக்குறிச்சிக்காரன், டொரன்டோ
தங்கச்சி, நான் இறங்கியது ஜனவரியில். காற்றோடு சேர்த்து மைனஸ் 20 டிகிரி போல இருந்தது. விமான நிலையத்துக் கதவு திறந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்து குத்தியது. அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை தேடிப் பனியில் நடந்தேன், ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வரை வரும் பார்க்கா, அதாவது தலைமூடி வைத்த கனத்த குளிர்கோட்டு, ஒன்று வாங்குங்கள். காசைப் பார்க்காதீர்கள்.

கடையத்துக்காரி
அண்ணாச்சி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வசந்தத்தில் பார்க்கா போட்டால் மதியம் வெந்துபோவாள். தங்கச்சி, எந்த நாடு, எந்த ஊர்? ஜாக்கெட்டுக்குள்ளே என்ன போட்டிருந்தீர்கள்? காய்ச்சல் உண்டா? இவற்றைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

பாளையங்கோட்டை அம்மா
என் மகன் ஜெர்மனியில் இருக்கிறான். புறப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியில் கம்பளி ஸ்வெட்டரை அடைக்காதீர்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது அந்தக் குளிருக்குக் காணாது, இடத்தையும் அடைக்கும். பருப்புப் பொடி, சுக்கு, மிளகு கொடுத்தனுப்புங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே பாட்டிலில் வெள்ளையாக இறுகிவிடும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட வேண்டாம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத்தான் செய்யும். வெந்நீரில் பாட்டிலை வைத்து உருக்கி, குளித்ததும் கைகால்களில் தடவினால் தோல் வெடிக்காது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறேன் மகளே, உன் பேரைச் சொல்லியும் கும்பிட்டுக்கொள்கிறேன்.

பேட்டைக்காரன்
குளிர் வெளியில் மட்டுமா? என் வீட்டுக்காரர் ஹீட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார். வாடகை மட்டும் தேதி தவறாமல் கேட்கிறார். ஊரில் வயலை விற்றுவிட்டு வந்தவர்கள் இங்கே போர்வைக்குள் முடங்கிக் கிடக்கிறோம்.

வள்ளியூரான்
உண்மை. வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் இதில் ஒன்றையும் சொல்வதில்லை. காசு வாங்கும்வரை தம்பி தம்பி என்பார், விமானம் ஏறியபிறகு போனை எடுக்க மாட்டார்.

அம்பாசமுத்திரத்துப் பெண்
எல்லோருக்கும் நன்றி. ஊர் லீட்ஸ், இங்கிலாந்து. முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். காய்ச்சல் இல்லை. உள்ளே பருத்திப் பனியன், மேலே சுடிதார், அதற்கு மேல் ஜாக்கெட். நிறுத்தம் மேட்டில் இருக்கிறது, நேரமாகிவிடும் என்று ஓடித்தான் போவேன். போய்ச் சேரும்போது முதுகெல்லாம் நனைந்திருக்கும். இன்று பஸ் வரத் தாமதம். எங்கள் அறையும் ஜில்லென்றுதான் இருக்கிறது. கூட இருப்பவள் இரவில் வாணலியில் கரி மூட்டி வைக்கலாம் என்கிறாள்.

தென்காசி நர்ஸ், ஷெஃபீல்டு
கரி மூட்டவே கூடாது. கதவடைத்த அறையில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதைத் தோழியிடம் இப்போதே சொல்லுங்கள். வெந்நீர்ப் பை ஒன்றைத் துணியில் சுற்றிப் படுக்கையில் வைத்துக்கொண்டால் போதும்.

நடுக்கத்துக்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. குற்றால அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு காற்றில் நிற்பது போலத்தான் நீங்கள் அந்த நிறுத்தத்தில் நின்றிருக்கிறீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு லேசில் காயாது. ஓட்டம் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே எவ்வளவு தடித்த ஜாக்கெட் போட்டாலும் உள்ளே நனைந்திருந்தால் பயனில்லை.

ஆகவே பனியனை விடுங்கள். உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல் உள்ளாடை, பாலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ எதுவானாலும் சரி. அதன்மேல் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற மேல்சட்டை அல்லது கம்பளி ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கனமானதாக இருக்க வேண்டியதில்லை. தொண்டு நிறுவனங்கள் பழைய துணி விற்கும் சாரிட்டி ஷாப்பில் நல்ல ஃபிளீஸ் மலிவாகக் கிடைக்கும். விடிகாலையில் இரண்டு மூன்று டிகிரி இருக்கும், மதியம் பன்னிரண்டைத் தொடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைக்கலாம்.

அதைவிட முக்கியம், ஓடாதீர்கள். பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். மேடு ஏறும்போது ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து வைத்து, வியர்க்காத வேகத்தில் நடங்கள். நிறுத்தத்துக்கு வந்ததும் மூடிக்கொள்ளுங்கள். உறைபனி படிந்த நடைபாதையில் ஓடி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த வாரம் தூக்கம் குறையும், விடிகாலை மறுபடி இருட்டாகும். முந்தின நாட்களிலிருந்தே சீக்கிரம் படுங்கள். புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் ஈடுகொடுக்கப் பார்த்து இடிந்துபோகிறார்கள். முதல் இரண்டு மூன்று மாதம் ஓவர்டைம் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள் தங்கச்சி.

ஜிபியிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம், பதிந்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. நடுக்கம் நிற்காவிட்டாலோ சந்தேகமாக இருந்தாலோ மருத்துவ ஆலோசனை எண்ணான 111-க்குப் போன் செய்யுங்கள். பேச்சுக் குழறினாலோ, அரைத்தூக்கமாகச் சொக்கினாலோ அவசர உதவி எண்ணான 999.

அம்பாசமுத்திரத்துப் பெண்
படித்ததும் மூச்சு வந்தது அக்கா. தோழியிடம் சொல்லிவிட்டேன், கரியை வெளியே வைத்துவிட்டாள். தெர்மல் மேலுக்கு மட்டும் போதுமா? காலுறை இரண்டு போடலாமா?

தென்காசி நர்ஸ், ஷெஃபீல்டு
காலுக்கும் தெர்மல் வேண்டும், சுடிதார் பேன்ட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம். காலுறை இரண்டு போட்டு ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சில்லிட்டுவிடும். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும். இன்று மாலையே பெரிய சூப்பர்மார்க்கெட்டின் துணிப் பிரிவில் பாருங்கள். குளிர்காலச் சரக்கை இப்போது விலை குறைத்துத் தள்ளுவார்கள். உங்கள் அளவு தீர்ந்திருந்தால் சிறுவர் பிரிவில் பெரிய அளவைத் தேடுங்கள், விலையும் குறைவு.