மறு: ‘புளூபிரிண்டிங்’ – ‘நூல்பிடிப்பு’ என்றால் என்ன குறை?

குழுவினருக்கு வணக்கம். கார் எஞ்சின் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து குறித்த அளவுக்குக் கொண்டுவரும் ‘புளூபிரிண்டிங்’ வேலைக்கு ‘நூல்பிடிப்பு’ பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் மற்ற மடல்களுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் இத்தனை மடல்களா! எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நேரம் போனதற்குக் காரணமும் ஓர் எஞ்சின்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய ஷெவெல் காருக்காக ஷெவ்ரோலே 454 (கொள்ளளவு 454 கன அங்குலம்) எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார். நான் கைப்பிள்ளை. இங்கே மிச்சிகனில் கராஜுக்குள் இப்படி ஒரு எஞ்சின் கிடப்பது அதிசயம் இல்லை.

> தம்பி, ‘பிக் பிளாக்’ என்பதற்குப் ‘பெருங்கொள்ளளவு எஞ்சின்’ என்று போட்டுவிட்டுப் போகலாமே. எதற்கு இவ்வளவு யோசனை?

கூடாது ஐயா. ஷெவ்ரோலேயின் 400 கன அங்குல எஞ்சின் ‘ஸ்மால் பிளாக்’. 396 கன அங்குலம் ‘பிக் பிளாக்’. கொள்ளளவை வைத்துப் பெயரிட்டால் சின்னது பெரிதாகிவிடும், பெரியது சின்னதாகிவிடும். பெயர் வந்தது உள்ளே இருக்கும் இடத்தால் அல்ல, எட்டு உருளைகளையும் (சிலிண்டர்) தாங்கும் வார்ப்பிரும்பு உடலின் பருமனால். அந்த உடல்தான் ‘பிளாக்’. அடுத்தடுத்த இரண்டு உருளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே சின்னதில் 4.40 அங்குலம், பெரியதில் 4.84. துளையை எவ்வளவு குடைந்தாலும் இந்தத் தொலைவு மாறாது. அதனால்தான் என் ஓட்டு ‘பெருவார்ப்பு’, ‘சிறுவார்ப்பு’ இரண்டுக்கும்.

பான்டியாக் கார் எஞ்சின்கள் எந்த வகை என்று கேட்ட அக்காவுக்கு: அங்கே 326 முதல் 455 கன அங்குலம் வரை வெளி உருவம் ஏறத்தாழ ஒன்றுதான். பெருவார்ப்பும் இல்லை, சிறுவார்ப்பும் இல்லை. சொல் சரியாக இருந்தால் அது பொருந்தாத இடமும் தெளிவாகத் தெரியும் என்பதற்கு இது நல்ல சான்று. ‘பெருங்கட்டை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் எந்த மெக்கானிக்கிடமும் அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு வராமல் நின்று பாருங்கள்.

சரி, உண்மையான சிக்கலுக்கு வருகிறேன்.

> ‘புளூபிரிண்டிங்’ = வரைபடமொப்பு. தொழிற்சாலை வரைபடத்தில் உள்ள அளவுக்கு எஞ்சினைக் கொண்டுவருவது. நேரடியாக இருக்கிறது, ஏற்கலாம்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது சரி. நேரான குறுந்தடத்தில் நின்ற இடத்திலிருந்து சீறும் ‘டிராக்’ (drag) பந்தயத்தின் ‘ஸ்டாக்’ வகுப்புகளில் கார் கடையில் வாங்கியபடியே இருக்க வேண்டும், பாகத்தை மாற்றக்கூடாது. ஆனால் தொழிற்சாலை ஒவ்வொரு அளவுக்கும் இதிலிருந்து இதுவரை என்று ஒரு விளிம்பு கொடுத்திருக்கும். உற்பத்தி வரிசையில் வரும் எஞ்சின் அந்த விளிம்புக்குள் எங்கேயாவது விழும். கெட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, விளிம்புக்குள்ளேயே தமக்குச் சாதகமான ஓரத்துக்குத் தள்ளினார்கள். மாற்றாதே என்றுதான் விதி, அளக்காதே என்றில்லையே.

ஆனால் இன்று தெருவிலும் ஓட்டி, வார இறுதியில் கால் மைல் தடத்திலும் இழுக்கப்போகிற எஞ்சினுக்கு நடப்பது அது அல்ல. வரைபடத்தைத் தெரிந்தே மீறுகிறார்கள். என் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன்.

454-இல் கிராங்கின் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) நடுவிலிருந்து வார்ப்பின் மேல்தளம் வரை 9.800 அங்குலம். அதற்குள் என்ன நிற்கிறது? நான்கு அங்குல வீச்சில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பாதி 2.000, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 6.135, பிஸ்டனில் ராடைப் பிடிக்கும் ஊசியின் நடுவிலிருந்து தலை வரை 1.645. கூட்டினால் 9.780. அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்தாலும் தளத்துக்கு 20 தவ் கீழேயே நிற்கும். (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றைப் பட்டறைக்காரர்கள் தவ் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.) வார்ப்புக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே அழுந்திய கேஸ்கெட் 40 தவ். ஆக, பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே 60 தவ். இது வரைபடக் கணக்கு. பெரியவர் டயல் வைத்துப் பார்த்தால் ஒரு மூலை உருளையில் 21, எதிர் மூலையில் 27.

இந்த இடைவெளிதான் ‘குவென்ச்’. பிஸ்டன் மேலே வந்து நெருக்கும்போது அங்கிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை பிதுங்கி ஸ்பார்க் பிளக் பக்கம் பாயும், கலங்கும், ஒரே சீராக எரியும், நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) குறையும். 60 தவ் இருந்தால் இந்த நெருக்கு மந்தம். 40 ஆக்கினால் நன்றாக வேலை செய்யும். அதற்கும் மிகக் கீழே போனால், வேகத்தில் ராடு நீண்டு பிஸ்டன் ஹெட்டில் முட்டும் அபாயம். எனவே பெரியவர் மேல்தளத்தை இழைக்கச் சொன்னார், எட்டு பிஸ்டனும் தளத்தோடு தளமாக நிற்கும்படி. வரைபடம் 20 தவ் கீழே என்கிறது. இவர் பூஜ்யம் என்கிறார். இதையும் ‘புளூபிரிண்டிங்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘வரைபடமொப்பு’ இங்கே பொய்யாகிறது அல்லவா?

ரிங் வாயிடைவெளியும், அதாவது பிஸ்டனைச் சுற்றிய ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடமும், அப்படித்தான். தெருவுக்கு மட்டும் என்றால் துளை விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 4 தவ் போதும். தடத்தில் சூடேறும் என்றால் நாலரை, ஐந்து. இவருடையது 30 தவ் ஓவர்சைஸ், அதாவது கூடுதலாகக் குடைந்த 4.280 அங்குலத் துளை. (454 இப்போது 460 ஆகிவிட்டது.) நாலரைக் கணக்கில் 19 தவ் வைத்தார். எந்த வரைபடமும் சொன்னதல்ல. வண்டி என்ன செய்யப்போகிறது என்பதைப் பார்த்து அவரே குறித்த எண்.

என் கருத்து இவ்வளவுதான்: இந்த வேலையின் உயிர் வரைபடத்தில் இல்லை. முதலில் ஒரு கோட்டை நிறுத்துவது, பிறகு எட்டு உருளையையும் அந்த ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவது. கொத்தனார் செய்வது இதைத்தானே? இரண்டு முனையில் ஆணி அடித்து நூல் கட்டுகிறார். நூல் எங்கே போக வேண்டும் என்பது அவர் முடிவு. கட்டியபின் ஒவ்வொரு செங்கல்லும் அதற்கு அடங்க வேண்டும். ‘நூல் பிடித்தாற்போல’ என்று நாம் சொல்லும் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது. அதனால் ‘நூல்பிடிப்பு’.

(‘நீலப்பட’ என்று தொடங்கிய பரிந்துரையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அனுப்பியவரும் அனுப்பிய அரை நிமிடத்தில் உணர்ந்திருப்பார்.)

> நூல் என்றால் தச்சுக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றை அளக்கும் வேலைக்கு நூல் என்று பெயரா? அப்புறம் போல்ட் மரையோடு (ஆங்கிலத்தில் அதுவும் ‘த்ரெட்’தானே) குழம்பாதா?

முதல் கேள்வி வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தச் சொல்லில் நூல் அளவு அல்ல, கட்டிய கயிறு. ‘அவன் நூல் பிடித்த மாதிரி நடக்கிறான்’ என்றால் எட்டில் ஓர் அங்குலம் விலகி நடக்கிறான் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது கேள்விக்கு: மரையை மரை என்றுதானே சொல்கிறோம், எந்தப் பட்டறையிலும் நூல் என்று கேட்டதில்லை.

சின்ன அளவு வேண்டுமென்றால் நம் பழைய பின்னக் கணக்கில் முந்திரி இருக்கிறது, முந்நூற்றிருபதில் ஒன்று. ஓர் அங்குலத்தின் முந்திரி மூன்று தவ்வுக்குச் சற்று மேல். 454-இன் மெயின் ஜர்னல் (கிராங்க் பேரிங்கில் அமர்ந்து சுழலும் பகுதி) விட்டம் ஏறத்தாழ இரண்டேமுக்கால் அங்குலம். அங்குலத்துக்கு ஒரு தவ் என்ற பழைய விதிப்படி பேரிங்கில் எண்ணெய்க்கு விடும் இடம் இரண்டேமுக்கால் தவ். முந்திரிக்குள் அடங்கிவிடுகிறது! இதைப் பெரியவரிடம் சொன்னேன். மைக்ரோமீட்டரில் முந்திரி போட்டுத் தருவார்களா என்று கேட்டார். இதைப் பரிந்துரையாக வைக்கவில்லை, ஆசைக்குச் சொன்னேன்.

> எங்கள் அப்பா கோவையில் லேத் வைத்திருந்தார். ரீபோர், ஹோனிங், ஸ்லீவ் என்பார்களே தவிர, ஒரு தமிழ்ச் சொல்கூட அங்கே கேட்டதில்லை. இதை மட்டும் சொல்வார்களா?

சொல்லமாட்டார்கள். ரீபோரை மாற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. பிஸ்டன் பிஸ்டனாகவே இருக்கட்டும். அந்தச் சொற்கள் கையோடு ஒட்டியவை, கேட்டவுடன் வேலை தெரிகிறது. ‘புளூபிரிண்டிங்’ அப்படியில்லை. கட்டட வரைபடத்துக்குத் தெரிந்த சொல் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்று புதியவர் யாருக்கும் புரிவதில்லை. விளம்பரங்களில் வேறு, கழுவிப் புது ரிங் போட்டதையெல்லாம் அந்தப் பெயரில் விற்கிறார்கள். தமிழில் எழுதும்போது, எட்டும் ஒன்றுபோல் அளந்ததா என்று கேட்கவைக்கும் சொல் வேண்டும். உங்கள் அப்பா ஹோனிங் (துளையின் உட்சுவரை நுணுக்கமாக இழைப்பது) செய்யும்போது மேல்தளத்தில் தடித்த தகடு ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறாரா? ஹெட் இறுகும்போது துளை நெளிவதை முன்கூட்டியே நெளியவைத்து அப்புறம் வட்டமாக்கும் வேலை அது. இந்த எஞ்சினுக்கு அதையும் செய்தார்கள். அதற்கு அவர் பட்டறையில் ஏதாவது பெயர் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். நான் எதையும் உருவாக்க மாட்டேன், அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘நூல்பிடித்த எஞ்சின்’ – நன்றாக ஓடுகிறது.
‘எடைசமனும் நூல்பிடிப்பும் செய்த 454’ – இதுவும் சரி. (எடைசமன் என்பது சுழலும் பாகங்களின் எடையைச் சமன்செய்வது, ‘பேலன்சிங்’.) ஒரு குறிப்பு: 454-இல் சமன் எடையின் ஒரு பகுதி வெளியே, கிராங்கின் முன்முனையில் மாட்டும் டாம்பரிலும் பின்முனையில் மாட்டும் ஃபிளைவீலிலும் இருக்கிறது, இன்னொரு பிக் பிளாக்கான 427-இல் எல்லாம் உள்ளேயே. 427-இன் ஃபிளைவீலை இதில் மாட்டினால் நடுங்கும். ஆகவே ‘எடைசமன்’ பதிவில் உட்சமன், புறச்சமன் என்று இரண்டு வேண்டும்.
‘நூல்பிடிப்பாளர்’ – வேண்டாம், நானே தள்ளிவிட்டேன்.

டிராக் பந்தயத் தடமான ‘ஸ்ட்ரிப்’புக்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. ‘கீற்று’ எனக்குத் தென்னங்கீற்றைத்தான் நினைவூட்டுகிறது. ‘நேர்தடம்’ பரவாயில்லை. வேறு யோசனை உள்ளவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். சனி, ஞாயிறு நான் கிடைக்க மாட்டேன், ஹெட் ஏற்றுகிறோம்.

அன்புடன்,
மிச்சிகன் கைப்பிள்ளை