பாண்டிங் போட்டிருந்தும் ஒரு ஸ்விட்ச்சோட அப்லிங்க் போனதும் சர்வர் மொத்தமா துண்டாயிடுச்சு, உதவி வேணும்

கேட்டவர்:
எல்லாருக்கும் வணக்கம். லினக்ஸ் சர்வர், ரெண்டு நெட்வொர்க் கார்டு, ஒண்ணு ஸ்விட்ச் ஏ-க்கும் இன்னொண்ணு ஸ்விட்ச் பி-க்கும் போகுது, ரெண்டு ஸ்விட்ச்சும் தனித்தனியா மேல இருக்கற கோர் ஸ்விட்ச்ல சேருது. ரெண்டு கார்டையும் ஒண்ணா சேக்கற பாண்டிங்ல மோட் 1, அதாவது ஆக்டிவ் பேக்கப் (ஒண்ணு ஓடும், அது விழுந்தா இன்னொண்ணு எடுத்துக்கும்), லிங்க் இருக்கான்னு பாக்கற எம்ஐஐமான் 100 மில்லிசெகண்ட். கேபிளைப் புடுங்கிப் பார்த்தேன், ஸ்விட்ச் ஏ-வையே ஆஃப் பண்ணிப் பார்த்தேன், ரெண்டு தடவையும் உடனே அடுத்த கார்டுக்கு மாறிடுச்சு. ஆனா நேத்து ராத்திரி ஸ்விட்ச் ஏ-லேர்ந்து கோருக்குப் போற கேபிள் மட்டும் போச்சு, சர்வர் மாறவே இல்ல, கால் மணி நேரம் யாருக்கும் எதுவும் வேலை செய்யல. பாண்டிங் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்தா ரெண்டு கார்டும் "அப்"னுதான் காட்டுது. எங்க தப்பு பண்ணேன்?

பதில் 1:
மோட் 4-க்கு மாத்துங்க ப்ரோ, அதுல ரெண்டு லிங்க்கையும் ஒண்ணா சேக்கற எல்ஏசிபி இதெல்லாம் பாத்துக்கும், ஸ்பீடும் கூடும்.

பதில் 2:
தயவுசெஞ்சு அப்படிப் பண்ணிடாதீங்க. எல்ஏசிபி எதிர்ல இருக்கறது ஒரே ஸ்விட்ச்னு நெனச்சுதான் போர்ட்டுகளைச் சேக்கும். தனித்தனி ஸ்விட்ச்னா அதோட அடையாளமான சிஸ்டம் ஐடி வேற வேற, அதனால ரெண்டு குரூப்பா பிரிஞ்சு ஒண்ணு மட்டும்தான் ஓடும். ரெண்டும் ஒரே ஸ்விட்ச் மாதிரி நடந்துக்கற ஸ்டாக்லயோ எம்எல்ஏஜிலயோ இருந்தாதான் அது சரிப்படும்.

உங்க பிரச்சனை வேற. எம்ஐஐமான் பாக்கறது சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல இருக்கற அந்த ஒரு கேபிளை மட்டும்தான். ஸ்விட்ச்ல கரன்ட் இருக்கற வரைக்கும் லைட் எரியும், லிங்க் அப்தான், அதுக்கு மேல பாதை அறுந்து கிடக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? எம்ஐஐமானை எடுத்துட்டு ஏஆர்பி மானிட்டர் (அந்தப் பக்கம் இருக்கற மெஷின்கிட்ட ஏஆர்பி கேள்வி கேட்டு பதில் வருதான்னு பாக்கறது) போடுங்க, ரெண்டும் சேந்து ஓடாது. இன்டர்வல் 1000 மில்லிசெகண்ட், டார்கெட்டா கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போற வழி) ஐபி. கேட்வே ஒண்ணையே நம்பாம கோருக்கு அந்தப் பக்கம் எப்பவும் ஆன்ல இருக்கற இன்னொரு மெஷினையும் டார்கெட்ல சேருங்க.

கேட்டவர்:
போட்டேன் சார், அதே கேபிளைத் திரும்பப் புடுங்கினேன், இப்பவும் மாறல! அதே ஸ்விட்ச்ல இதே மாதிரி பாண்டிங் போட்ட இன்னும் 4 சர்வர் இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பதில் 2:
அதேதான், நல்லவேளை சொன்னீங்க. பக்கத்து சர்வருங்க அனுப்பற ஏஆர்பி பிராட்காஸ்ட் உங்க கார்டுக்கும் வருது, ஏதோ டிராஃபிக் வருதே, அப்ப லைன் உயிரோடதான் இருக்குன்னு பாண்டிங் ஏமாந்துடுது. ஏஆர்பி வேலிடேட்டை "ஆல்"னு வைங்க, அப்புறம் தன்னோட சொந்த ஏஆர்பி கேள்வியையும் அதுக்கு வர்ற பதிலையும் மட்டும்தான் கணக்குல எடுக்கும். 5 சர்வர்லயும் மாத்துங்க.

கேட்டவர்:
வேலை செஞ்சிடுச்சு!! 3 பிங் மட்டும் போச்சு, நாலாவது ஸ்விட்ச் பி வழியா வந்துடுச்சு. ரொம்ப நன்றி சார், நேத்துலேர்ந்து தூக்கமே இல்ல. கடைசியா ஒண்ணு, வேற இடத்துல ஒரு பழைய சர்வர் எம்ஐஐமான்லயே ஓடுது, அதுல ஸ்விட்ச் ஏ-வை ரீஸ்டார்ட் பண்ணா போகும்போது பிரச்சனை இல்ல, திரும்பி வரும்போது அரை நிமிஷம் கட் ஆகுது, ஏன்?

பதில் 3:
அது ஸ்பானிங் ட்ரீ வேலை, அதாவது ஸ்விட்ச்சுங்களுக்கு நடுவுல டேட்டா சுத்திச் சுத்தி வர்ற லூப்பைத் தடுக்கறது. போர்ட் லிங்க் வந்ததும் லிசனிங் 15 செகண்ட், லேர்னிங் 15 செகண்ட், அதுக்கப்புறம்தான் டேட்டாவை விடும். உங்க சர்வர்ல பிரைமரின்னு ஸ்விட்ச் ஏ கார்டைக் குடுத்திருப்பீங்க, லைட் எரிஞ்ச உடனே ஓடிப்போய் அதுல உக்காந்துக்குது. சர்வர் மாட்டியிருக்கற போர்ட்டுல, அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கற போர்ட்ஃபாஸ்ட் போடுங்க, ஸ்விட்ச்சுக்கு ஸ்விட்ச் போற போர்ட்டுல மட்டும் கண்டிப்பா போடக்கூடாது, லூப் ஆக வாய்ப்பிருக்கு. அதோட லிங்க் வந்த பிறகு காத்திருக்கற நேரமான அப்டிலேவை 40000 வைங்க, அது மில்லிசெகண்ட் கணக்கு. பிரைமரி ரீசெலக்டை "ஃபெயிலியர்"னு வச்சா இன்னும் நல்லது, ஓடிட்டிருக்கற கார்டு தானா விழற வரைக்கும் பழையதுக்குத் திரும்பாது.

கேட்டவர்:
பிரைமரி ஸ்விட்ச் ஏ-தான் இருக்கு. இன்னைக்கு ராத்திரி மாத்திப் பாத்துட்டு வந்து சொல்றேன்.