இலை பறிக்கும்போது நடுக்கம், படபடப்பு: லோ சுகரா, மனப்பதற்றமா?

கேள்வி | சுகாதாரத் தன்னார்வலர், கோத்தகிரி
தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகிறோம். இலை பறிக்கும் 52 வயது அம்மா ஒருவர் சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். சுகர் ஏறிவிடும் என்று பயந்து காலையில் வெறும் டீதான். பதினொரு மணிவாக்கில் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு மாதமாக யாரிடமும் பேச்சில்லை, கோயிலுக்கும் போவதில்லை. இவரை யாரிடம் அனுப்புவது?

பதில் 1 | சுகர் கிளினிக் நர்ஸ், குன்னூர்
நடுங்கும் அந்த நேரத்திலேயே சுகர் மீட்டரில் பாருங்கள் அக்கா. லோ சுகருக்கும் பயத்துக்கும் வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் ஒன்றுதான், ஊகித்தால் தப்பாகும். விரல் சில்லிட்டிருந்தால் ரத்தம் வராது, வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள்.

70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. பிறகு இட்லியோ சோறோ. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கிளிமிபிரைடு போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு மலைச்சரிவில் ஏறி இறங்கினால் சுகர் இறங்கத்தான் செய்யும். மாத்திரை அளவை டாக்டர் பார்க்கட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒன்று கவனியுங்கள்: வெகுநாள் 300க்கு மேலேயே இருந்தவருக்கு 120க்கு இறங்கினாலும் இதே நடுக்கம் வரும்.

பதில் 2 | மனநல ஆலோசகர், ஊட்டி
மீட்டர் எண் எதுவானாலும், பேச்சு நின்றுபோனதைத் தனியாகப் பாருங்கள். இரண்டு கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லை 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் 3. கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்துக்குப் போக வேண்டும். "வாழ்ந்து என்ன" என்று சொன்னால் அன்றே அனுப்புங்கள், தனியே விடாதீர்கள்.

சோர்வு, தூக்கக்கேடு, பசி மாற்றம் மூன்றும் ஏறிய சுகராலும் வரும். அதனால்தான் "சுகர்தானே" என்று மனச்சோர்வு விட்டுப்போகிறது. தைராய்டும் பி12உம் பார்க்கச் சொல்லுங்கள். பல வருட மெட்ஃபார்மின் பி12ஐக் குறைக்கும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். உடனே பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

பதில் 3 | மருந்தாளுநர், கோத்தகிரி
படபடப்புக்கென்று புரோப்ரனலால் வாங்கிப் போடுவதுதான் எனக்குக் கவலை. லோ சுகரின் நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். கால் எரிச்சலுக்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதியிருந்தால் அதை மனச்சோர்வு மருந்து என்று எண்ணிவிட வேண்டாம், அதற்கு அந்த அளவு போதாது. செர்ட்ரலின் மாதிரி மனச்சோர்வு மருந்து தொடங்கினால் முதல் சில வாரம் சுகரை அடிக்கடி பாருங்கள், இறங்கலாம். பலன் தெரியவும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்
சர்க்கரைப் பொட்டலத்தைக் கூடையோடு எடுத்துப்போகச் சொல்லலாமா?

பதில் 1 | நர்ஸ்
கூடை எடைபோடும் இடத்திலேயே நின்றுவிடும் அக்கா. இடுப்புத் துணியில் முடிந்துகொள்ளட்டும், பக்கத்து வரிசையில் பறிப்பவருக்கும் தெரிந்திருக்கட்டும்.