குழந்தையின் அறைக்கு அயனி வகைக் காற்றுச் சுத்திகரிப்பான் ஏற்றதா?

செங்காந்தள்:
ஆஸ்துமா உள்ள எங்கள் மகனுக்காகக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க இருக்கிறோம். வடிகட்டியோ மின்விசிறியோ இல்லாத, ஓசையே எழுப்பாத அயனி வகைக் கருவி ஒன்றைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். வடிகட்டி மாற்றும் செலவு மிஞ்சும் என்பதால் எங்களுக்கும் விருப்பம்தான். படுக்கையறையில் இரவு முழுவதும் அதை ஓடவிடலாமா?

மின்பொறி:
தாராளமாக ஓடவிடலாம், அம்மா. கருவியின் ஊசிமுனைகளில் உயர் மின்னழுத்தம் ஏறும்போது அருகிலுள்ள காற்று மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்று அயனிகளாகின்றன. அவை தூசியிலும் புகையிலும் ஒட்டி, அத்துகள்களைத் தகட்டின் மீது படிய வைக்கின்றன. அனல்மின் நிலையங்களில் சாம்பலைப் பிடிப்பதும் இதே தத்துவம்தான். பெய்ஜிங் பள்ளி வகுப்பறைகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், அயனிக் கருவிகளால் நுண்துகள்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பிள்ளைகளின் நுரையீரல் செயல்பாடும் மேம்பட்டது.

நுண்துகள்:
அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லியிருக்க வேண்டும். அதே பிள்ளைகளிடம், இதயத் துடிப்பின் நரம்புக் கட்டுப்பாட்டைக் காட்டும் அளவீடுகள் பாதகமாக மாறியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

அனல்மின் நிலைய ஒப்பீடும் பொருந்தவில்லை. அங்கே புகை முழுவதும் தகடுகளுக்கு இடையே செலுத்தப்படுகிறது. மின்விசிறியற்ற வீட்டுக் கருவியிலோ அறைக் காற்றின் சிறு பகுதிதான் தகட்டை நெருங்குகிறது. எஞ்சிய துகள்கள் மின்னூட்டம் பெற்றுச் சுவரிலும் மெத்தையிலும் படிந்து, நடமாட்டத்தில் மீண்டும் எழும்புகின்றன. அமெரிக்காவில் ஷார்ப்பர் இமேஜ் நிறுவனம் விற்ற 'அயானிக் பிரீஸ்' இத்தகையதுதான். அது காற்றைச் சுத்தம் செய்வதில் பயனற்றது என்று கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சோதித்து எழுதியபோது, அந்நிறுவனம் 2003இல் வழக்குத் தொடுத்தது. 2004இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இதைவிட முக்கியமானது ஓசோன். அயனிகளை உண்டாக்கும் அதே மின்னிறக்கம் ஆக்சிஜனை ஓசோனாகவும் மாற்றக்கூடும். ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுவதோடு, தரை துடைக்கும் திரவங்களின் எலுமிச்சை மணப்பொருளோடு வினைபுரிந்து நச்சு வாயுவான ஃபார்மால்டிஹைடையும் புதிய நுண்துகள்களையும் உண்டாக்குகிறது. சுத்தம் செய்ய வாங்கிய கருவியே அறையை மாசுபடுத்துவதை எப்படி ஏற்பது?

மின்பொறி:
நீங்கள் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கருவியை வைத்து வாதிடுகிறீர்கள். கலிபோர்னியா 2010 முதல் ஓசோன் வெளியீட்டுக்கு வரம்பு விதித்திருக்கிறது. பத்து லட்சத்தில் 0.05 பங்கைத் தாண்டும் கருவியை அங்கே விற்க முடியாது. ஓசோன் வெளியீட்டில் அதைவிடப் பன்மடங்கு கடுமையான தரமான யூஎல் 2998இன் சான்று பெற்ற கருவிகளும் உள்ளன. நுண்துகள்களை இழைகளில் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டியின் செலவை எல்லாராலும் தொடர்ந்து தாங்க முடிவதில்லை. இரைச்சல் தாளாமல் இரவில் நிறுத்தி வைக்கப்படும் கருவியால் யாருக்கு என்ன பயன்? மின்விசிறியும் தகடும் சேர்ந்த அயனிக் கருவிகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

நுண்துகள்:
மின்விசிறியும் தகடும் உள்ளவை துகள்களைப் பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. இங்கே கேட்கப்பட்டது அத்தகைய கருவியைப் பற்றியல்ல. கலிபோர்னிய வரம்பைப் பாதுகாப்பான அளவு என்று கொள்ளவும் இயலாது. உலக சுகாதார நிறுவனம் எட்டு மணி நேரச் சராசரிக்குச் சொல்லும் ஓசோன் உச்ச அளவும் ஏறக்குறைய அதுவே. வெளியிலிருந்து வரும் ஓசோனுக்கு மேல் கருவியும் அந்த அளவுக்குச் சேர்த்தால் பிள்ளையின் நிலை என்ன?

அம்மா, கடைக்காரரிடம் சிஏடிஆர், அதாவது தூய காற்று வழங்கும் வேகம், எவ்வளவு என்று கேளுங்கள். 120 சதுர அடி அறைக்குப் புகைத்துகளுக்கான சிஏடிஆர் நிமிடத்துக்கு 80 கன அடியேனும் இருக்க வேண்டும்.

செங்காந்தள்:
கேட்டேன். பெட்டியில் எத்தனை லட்சம் அயனிகள் வெளிவரும் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. சிஏடிஆர் எங்கும் இல்லை. அவர் காட்டிய ஹெப்பா கருவியிலும் அயனிக்குத் தனிப் பொத்தான் உள்ளது.

மின்பொறி:
அப்படியென்றால் முதல் கருவியை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஹெப்பா கருவியில் அந்தப் பொத்தானை அணைத்தே வையுங்கள். பெரியவர்கள் புழங்கும் கூடத்துக்குச் சான்று பெற்ற தகட்டுக் கருவி போதும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

நுண்துகள்:
கூடத்திலும் அந்தத் தகட்டைத் தவறாமல் கழுவ வேண்டும். அழுக்கேறிய தகட்டின் திறன் விரைவாகக் குறைந்துவிடும். ஹெப்பா கருவியை உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முழு வேகத்தில் ஓட்டி, பிறகு குறைத்துக்கொண்டால் இரைச்சலும் பிள்ளையின் உறக்கத்தைக் கெடுக்காது.