ஹிஸ்டோகிராம், கலர் பேலன்ஸ்: கையேட்டில் என்ன போட?

வணக்கம். சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைச் சொல்லித் தருகிறேன், கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். முதல் வரைவில், நிறங்களின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யும் கலர் பேலன்ஸுக்கு ‘நிறச் சமன்’, வெளிச்ச அளவுகளை முழு வீச்சுக்கும் சமமாகப் பரப்பிவிடும் ஈக்குவலைஸுக்குச் ‘சமனாக்கு’ என்று நானே போட்டுவைத்தேன். வினை அங்கேதான். குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த கல்யாணப் படம், எல்லாமே மஞ்சள். நிறத்தைச் சரிசெய் என்றதும் ஒரு பையன் ‘சமனாக்கு’ அழுத்த, மாப்பிள்ளை முகம் திட்டுத்திட்டாகி, இருட்டு மூலையெல்லாம் புள்ளி கிளம்பிவிட்டது.

செய்ய வேண்டியிருந்தது வேறு. லெவல்ஸ் கருவியில் நீலச் சேனலை, அதாவது படத்தின் நீலப் பங்கை மட்டும் எடுத்தால், எந்த அளவில் எத்தனை புள்ளி என்று 0 முதல் 255 வரை காட்டுகிற ஹிஸ்டோகிராம் கட்டத்தில் மேடு 180-லேயே முடிந்துவிடுகிறது. வலது முக்கோணத்தை அதுவரை இழுத்ததும் வேட்டி வெள்ளையானது. அந்த மேட்டைப் பிள்ளைகள் ‘மலை’ என்கிறார்கள். நான் என்ன எழுத?

*

அம்மா, ‘மலைப்படம்’ என்று எழுதிவிடாதீர்கள், எனக்கு மலைபடுகடாம்தான் ஞாபகம் வரும். நம் பாடநூலில் ‘நிகழ்வுச் செவ்வகம்’ இருக்கிறதே. ‘வண்ணம்’ வேண்டாம் என்று நீங்கள் நிறத்தை எடுத்தது சரி. தொல்காப்பியர் கறுப்பையும் சிவப்பையும் சொல்லும்போது ‘நிறத்துரு’ என்கிறார், வண்ணத்தைச் செய்யுளின் ஓசைக்கு வைத்துக்கொண்டார், அதில் இருபது வகை. ‘சமன்’ மட்டும் வடசொல். ‘நிற ஒப்பம்’ எனலாம்.

*

> ‘நிற ஒப்பம்’ எனலாம்

ஐயா, ஒப்பம் என்றால் இன்றைக்குக் கையெழுத்து. ‘சமன்செய்து சீர்தூக்கும் கோல்’ என்று வள்ளுவரே போட்ட சொல்லை நாம் ஏன் விரட்ட வேண்டும்? செவ்வகமும் எனக்கு ஒட்டவில்லை. 256 கம்பிகள் நெருக்கியடித்து நிற்கிற படத்தில் எவன் கண்ணுக்குச் செவ்வகம் தெரியும்? பொத்தானில் அவ்வளவு நீளத்துக்கு இடமும் இல்லை. ஹிஸ்டோகிராம் என்றே விடுங்கள்.

*

இலங்கைப் பாடநூலில் வலையுரு வரையம் என்றுதான் நாங்கள் படித்தது. கிரேக்கத்தில் ஹிஸ்டோஸ் என்றால் தறி, தறியில் நெய்த வலை. உங்கட செவ்வகத்தை விட இது மூலத்துக்குக் கிட்ட.

*

வலை மட்டுமா? ஹிஸ்டோஸுக்குப் பாய்மரம் என்றும் பொருள் உண்டு. 1890களில் கார்ல் பியர்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது, நிமிர்ந்து நிற்கும் கம்பிகளைப் பாய்மரமாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், வரலாற்றோடு முடிச்சுப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பாய்மரம் என்றால் நமக்குப் புறநானூற்றுச் சொல்லே கையில் இருக்கிறது: கூம்பு. ‘கூம்பு வரைவு’!

*

ஐயா, கணக்கு வகுப்பில் கூம்பு என்றால் ஐஸ்கிரீம் கூம்புதான். பிள்ளைகள் அடிப்பக்க ஆரம் கேட்பார்கள்.

*

எல்லாருக்கும் நன்றி, மணி பதினொன்றாகிவிட்டது. ராத்திரி யோசித்ததில், தம்பி எடுத்துக் கொடுத்த குறளிலேயே இரண்டுக்கும் சொல் இருக்கிறது. ஈக்குவலைஸ் ‘சமனாக்கு’ என்றே இருக்கட்டும், பேலன்ஸ் ‘நிறச் சீர்தூக்கல்’. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று நிறத்து மலையையும் ஒரே அச்சாக ஆக்கினால் படம் கெட்டுப்போகும், ஏனென்றால் மணப்பெண்ணின் பட்டு நிஜமாகவே மஞ்சள், அதில் நீலம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வேட்டி வெள்ளையாகிறதா என்று பார்த்துத் தூக்கி நிறுத்த வேண்டியதுதான். அதற்குச் ‘சமன்’ ஆகாது.

*

அக்கா, பளுதூக்கல் மாதிரி இருக்கிறது. ‘நிறச்சீர்’ என்று சுருக்கினால் பொத்தானில் அடங்கும்.

*

நிறச்சீர், ஹிஸ்டோகிராம். மூன்று பேர் சரி என்றிருக்கிறீர்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டீர்கள் போல. பின்னிணைப்பில் நிகழ்வுச் செவ்வகம், வலையுரு வரையம் இரண்டும் வரும். காலையில் அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கோ. இங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பிரதியில் ஹிஸ்டோகிராமை வெட்டி வலையுரு வரையம் என்று பேனையால் எழுதித்தான் கொடுப்பேன்.

*

அம்மா, சீர் என்றதும் நேர் நேர் தேமா அல்லவா முன்னால் வந்து நிற்கும்? நிறச்சீர், வெண்சீர்... அச்சுக்குப் போய்விட்டதா?