கமிட்டியிலிருந்து இறங்கிய அப்பாவுக்குச் சபையில் என்ன வேலை?

பாளையங்கோட்டைக்காரி:
அப்பாவுக்கு 73 வயது. தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. போன தேர்தல் வரைக்கும் சபையை நிர்வகிக்கும் கமிட்டியில் இருந்தார். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு அரிசி வாங்குவது, கணக்கு எழுதுவது, ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த முருங்கைக்காயையும் நாட்டுக்கோழியையும் ஏலம் விடுவது எல்லாம் அவர்தான். அவர் குரலுக்கே முட்டை விலை ஏறும் என்பார்கள்.

இந்த முறை இளைஞர்கள் ஜெயித்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அதோடு சரி. இப்போதெல்லாம் ஆராதனை முடிவில் போதகர் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் யாரிடமும் நின்று பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுகிறாராம். அம்மாவும் இல்லை. நான் சென்னையில். போன் செய்தால் டிவி பார்த்தேன் என்கிறார், என்ன பார்த்தீர்கள் என்றால் தெரியவில்லை.

முழங்கால் வலி உண்டு. ஸ்கூட்டர் ஓட்டுவார், இரவில் மட்டும் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். உங்கள் சபைகளில் பெரியவர்களுக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்? ஜெபக்குழுவில் சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதில் ஏற்கெனவே இருக்கிறார்.

சாயர்புரத்தான்:
ஏம்மா, எனக்கும் கிட்டத்தட்ட உங்க அப்பா வயதுதான். பொன்னாடை போர்த்தினாலே 'இனி நீங்க உட்காருங்க' என்று அர்த்தம். என் பீரோவிலும் ரெண்டு கிடக்கிறது.

எங்கள் சேகரத்தில் (ஒரே போதகரின் கீழ் வரும் பல ஊர்ச் சபைகள்) நாங்கள் நாலைந்து பேர் படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்கிறோம். ஐயர் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து, அதாவது நற்கருணை, கொடுப்பார். ஒரு சேகரத்தில் எத்தனை ஊர், அவரால் அதற்கு மேல் முடியாது. நாங்கள் போய் ஒரு பாமாலைப் பாட்டு பாடி, சின்னதாக ஜெபம் செய்வோம். அப்புறம் பேச்சு. பேச்சுதான் நீளம். அதில்தான் விஷயம் வெளியே வரும். ஒரு டீச்சரம்மா, காலையில் போடும் மாத்திரை, ராத்திரி போடும் மாத்திரை எல்லாவற்றையும் பிரித்து ஒரே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி வைத்திருந்தார். எது சுகருக்கு, எது பிரஷருக்கு என்று அவருக்கே தெரியவில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிற பெண்ணைப் பிடித்து உட்கார வைத்து, உறை உறையாகப் பிரித்து எழுதி வாங்கினோம். அதே அம்மாவுக்கு, உயிரோடு இருப்பதைக் காட்டும் ஓய்வூதிய நேர்காணலும் தவறிப் போயிருந்தது. கருவூலத்துக்கு எப்படிப் போவார்? தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வைத்து உயிர்வாழ் சான்று பதிந்து கொடுக்கிறார், 70 ரூபாய்தான். இதெல்லாம் தெரிந்த ஆள் ஊரில் வேண்டுமல்லவா? தலைமையாசிரியரை விட்டால் வேறு யார்?

இன்னொன்று கைப்பிடி அரிசி. சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து மிஷன் வேலைக்கென்று, அதாவது வெளியூர் போய் நற்செய்தி சொல்லும் ஊழியத்துக்கென்று, தனியாக வைப்பது நம் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம். 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் பாளையங்கோட்டையில் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பியபோது பின்னால் நின்றவர்கள் இந்த மாதிரி ஜனங்கள்தான். எங்கள் ஊரில் வீடு வீடாக அந்த அரிசியை வாங்கப் போவது இப்போதும் பாட்டிமார்தான். அரிசி ரெண்டு படிகூடச் சேராது. ஆனால் அந்தப் பையோடு போனால் அடுப்படி வரைக்கும் போகலாம். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கமிட்டிக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பொன்மலை அக்கா:
நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையை 1833-ல் பாரீஸில் தொடங்கிய ஓசானாமுக்கு அப்போது 20 வயது, கல்லூரி மாணவர். எங்கள் பங்குக் கோயிலில் அந்தச் சபையில் வயது குறைந்தவரே ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர்தான்! நான் இருப்பது மரியாயின் சேனை என்ற பக்தி சங்கத்தில். இருவர் இருவராக வீடு சந்திக்கப் போகணும், அடுத்த வாரக் கூட்டத்தில் என்ன செய்தோம் என்று சொல்லணும். ஆரம்பத்தில் பள்ளிக்கூடம் மாதிரி எரிச்சலாக இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு பார்த்தால், 'போன வாரம் என்ன செய்தீங்க' என்று என்னைக் கேட்கிற ஒரே இடம் அதுதான். அப்பாவுக்கு எந்த வேலை கொடுத்தாலும் கேட்க ஒரு ஆள் இருக்கட்டும். இல்லாவிட்டால் ரெண்டு வாரத்தில் நின்றுவிடும்.

கமிட்டித் தம்பி:
அக்கா, நான் ஒரு சபையின் 'இளைஞர்' கமிட்டி உறுப்பினர். வயது 41. எங்கள் சபையில் அதுதான் இளைஞர்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். பழைய செயலரிடம் சும்மா 'ஆலோசனை சொல்லுங்க' என்றால் சண்டையில்தான் முடியும். கணக்கும் சாவியும் இல்லாத, ஆனால் அவர் இல்லாமல் நடக்காத வேலையாக இருக்க வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்று கிடக்கிறது: ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை வளர்ந்தபின் உறுதிப்படுத்தும் சடங்கு), விவாகம், அடக்கம் என்று பழைய பதிவேடுகள். தாத்தா பெயரைத் தேடி இலங்கையிலிருந்து, மலேசியாவிலிருந்து எல்லாம் வருகிறார்கள். அந்தக் கூட்டெழுத்தை எங்களால் வாசிக்கவே முடியவில்லை. எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர் வாசித்துச் சொல்லச் சொல்ல, பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி லேப்டாப்பில் ஏற்றுகிறாள். பகலில், நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. முழங்காலுக்கும் கேடில்லை. சேகர குருவிடம் அனுமதி வாங்குங்கள். பதிவேடு கோயில் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.

அப்புறம், இதையெல்லாம் அப்பாவிடம் கேட்டீர்களா? எங்கள் அம்மாவுக்கு எந்தச் சங்கமும் வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும் என்பார்.

பாளையங்கோட்டைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கேட்டேன். சாயர்புரத்தான் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கப் போக மாட்டாராம். 'உங்க அம்மா பக்கத்துல உக்காந்தது போதும்' என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. நேர்காணல் வேலைக்கு மட்டும் யாராவது வீட்டுக்கு வந்தால் செய்து கொடுப்பாராம்.

பதிவேடு என்றதும் குரல் மாறிவிட்டது. எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது, எலி கடித்திருக்கிறதா, ஃபேனுக்கு நேராக மேசை போட்டால் தாள் பறக்குமே என்று ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை ஐயரைப் பார்க்கிறாராம். கமிட்டித் தம்பி, உங்கள் தமிழாசிரியர் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஏதாவது பயன்படுத்துகிறாரா? கையில் பிடிப்பதா, மேசையில் நிற்பதா, எது நல்லது?