பாசமலர் பாத்துட்டு எங்கம்மா கேட்ட ஒரு கேள்வி

செல்லூர்_தறிக்காரன்:

வணக்கம் மக்களே. போன ஞாயித்துக்கெழம டிவில பாசமலர் போட்டாங்க, வீட்ல நானும் அம்மாவும் மட்டுந்தேன். நான் இந்தப் படத்த முழுசா பாத்ததே கெடையாது, நம்ம செட்ல எவனாச்சும் தங்கச்சிக்கு ஓவரா செஞ்சான்னா ‘வாடா பாசமலரு’ன்னு ஓட்டுறதோட சரி. அம்மா எப்படியும் அழுகும், டிவிய அமத்திட்டு தண்ணி குடுக்கணும்னு ரெடியாத்தேன் உக்காந்திருந்தேன்.

அம்மா பாட்டுக்கு வெண்டக்கா நறுக்கிட்டே பாத்துச்சு. சிவாஜிக்கு வேல போயிரும்ல, அப்ப சாவித்திரி தான் பொம்ம செஞ்சு சேத்து வச்ச காச எடுத்துக் குடுக்கும், அத வச்சுத்தேன் தொழிலே ஆரம்பிக்கிறாரு, அப்புறம் தான் கூலிக்கு நின்ன ஃபேக்டரியவே வெலைக்கு வாங்குறாரு. அந்த எடத்துல அம்மா அருவாமணைய நிப்பாட்டிட்டு “அப்ப அந்தக் கம்பெனில அந்தப் புள்ளைக்கும் பங்கு உண்டுல்லடா?”ன்னுச்சு. நான் சிரிச்சுட்டேன். அது சிரிக்கல.

கடைசில சிவாஜி ‘கைவீசம்மா’ சொல்ற சீன்ல எனக்கு தொண்ட அடைச்சிருச்சு, உண்மையச் சொல்றேன். அம்மா அதுக்கு முன்னாடியே எந்திரிச்சு குழம்பு கூட்டப் போயிருச்சு.

விசயம் என்னன்னா அம்மா சின்னப் புள்ளைல இருந்தே ராட்டைல தார் (தறிக்குப் போடுற நூல்) சுத்துனது. அந்தக் காசுலதான் தாத்தா ரெண்டாவது தறி போட்டாருன்னு எப்பவும் சொல்லும். மாமா (அம்மாவோட அண்ணன்) பின்னாடி அதையே விசைத்தறி ஆக்குனாரு. தாத்தா 2011ல இறந்தாரு, உயில் எதுவும் எழுதல. இப்ப வீட்ட விக்கப் போறாகளாம், போன வாரம் அத்தை ஃபோன்ல இருந்து வாட்ஸப்புல விடுதலைப் பத்திரம்னு (எம்பங்கு எனக்கு வேணாம்னு எழுதிக் குடுக்குறது) ஒரு பிடிஎஃப் வந்துச்சு, கீழ “வந்து ஒரு கையெழுத்து போட்டா போதும்”. அவ்வளவுதேன். எப்படி இருக்கன்னு கூட கேக்கல.

என் கேள்வி ரெண்டு. இந்தப் படத்த அம்மா கேட்ட மாதிரி யாராச்சும் பாத்திருக்கீங்களா, இல்ல எங்க வீட்டுக் கடுப்புல அதுக்கு அப்படித் தெரியுதா? பத்திரம் பத்தி தெரிஞ்சவங்களும் சொல்லுங்க.

தரை_டிக்கெட்:

தம்பி, 1961 படம் அது. பீம்சிங் டைரக்‌ஷன், கொட்டாரக்கரா கதை, வசனம் ஆரூர்தாஸ், பாட்டுக்கு விஸ்வநாதன் ராமமூர்த்தி. பாகப்பிரிவினை, படிக்காத மேதை, பாவ மன்னிப்பு, பாலும் பழமும்னு பீம்சிங்கு ‘பா’ வரிசைல சிவாஜிய வச்சு அடிச்சுட்டே இருந்த காலம். எங்கய்யா சொல்லுவாரு, படம் விட்டு வெளிய வர்றப்ப ஆம்பளைக எல்லாம் பீடி பத்த வைக்கிற சாக்குல மூஞ்சிய திருப்பிக்கிட்டே போவாகளாம். அப்ப மதுரைல கொட்டகைன்னா கொட்டகை. இப்ப தங்கம் தியேட்டர் இருந்த எடத்துல ஜவுளிக்கட, அத விடு.

அம்மா சொல்றது எனக்கு ஒத்துக்க முடியல. ராஜு (அதேன் சிவாஜி) எதையாச்சும் தனக்குன்னு வச்சானா? ஜெமினி தொழிலாளிக பக்கம் நின்னு எதுத்த ஆளு, அவனுக்கே தங்கச்சி மனசுக்காகக் கட்டிக் குடுக்குறான்ல. பிரிச்சு விட்டது யாரு, ஊடால வந்த ஜெமினியோட அத்தக்காரி. அண்ணன் குடுக்க மாட்டேன்னாத்தான பங்குப் பேச்சு வரும்? சொத்துச் சண்டதேன் பாக்கணும்னா பாகப்பிரிவினைய பாருங்க, பாலையாவும் சுப்பையாவும் அண்ணன் தம்பியா வருவாக.

இன்னொன்னு, சும்மா சிரிப்புக்கு. 1965ல திருவிளையாடல் வந்தப்ப சிவாஜிக்கு ஜோடி சாவித்திரி. எங்கப்பத்தா “ஆத்தி, அண்ணந் தங்கச்சிய சோடி சேத்துப்புட்டானுகளே”ன்னு கன்னத்துல போட்டுக்கிச்சாம், அதுவும் நம்ம சொக்கநாதர் கத!

மேலூர்_மதினி:

தரை டிக்கெட் அண்ணே, கோவிச்சுக்காதீக. அவளுக்காகச் செய்றேன்னு சொல்றது வேற, இது அவளோடதுதேன்னு சொல்றது வேற. சிவாஜி மொத ரகம். மனசுல களவு இல்ல, அத நானும் ஒத்துக்கிறேன், ஆனா அந்தப் புள்ள கடைசி வரைக்கும் அண்ணன் குடுத்து வாங்குற எடத்துலதான நிக்குது? மொதலு போட்டது அவ. மூணு தடவ படம் பாத்து மூணு தடவையும் அழுதுருக்கேன், இது எனக்கு உறைக்கவே இல்ல, இப்ப தம்பியோட அம்மா கேட்டதும்தேன் சுருக்குன்னுச்சு.

எம்மகளுக்கு காதுகுத்துன்னைக்கு எங்கண்ணே 21 தட்டு சீரு, மைக் செட்டு, கொட்டு, எல்லாம் வச்சு தெருவே வாயப் பொளக்கக் கொண்டாந்தாரு, மடில ஒக்கார வச்சு மொட்ட எடுத்து, தோடு போட்டு, அவரு அழுது நான் அழுது வீடியோ எடுத்தவரும் அழுதாரு. அது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப்போயி கையெழுத்து வாங்குனதும் அதே அண்ணந்தேன். சீரு வீடியோல இருக்கு, பத்திரத்துல எம்பேரு இல்ல. கல்யாண வீட்டுல ‘வாராயென் தோழி’ போடாம பொண்ணக் கூட்டிவர மாட்டோம், பத்திர ஆபீஸுக்குக் கூட்டிப் போறப்ப எந்தப் பாட்ட போடுறதாம்?

அந்த ‘மலர்ந்தும் மலராத’ பாட்ட கேளுங்க, அண்ணன் ஒரு பக்கம் தங்கச்சி ஒரு பக்கம் ஆளுக்கொரு புள்ளைய தூங்க வைப்பாக. எனக்கு இப்பவும் அதுல சுசீலாம்மா கொரல் மட்டுந்தேன் கேக்குது.

பத்திரம்_எழுதுறவன்:

படத்த பத்தி எனக்கு சொல்லத் தெரியாது, ஒத்தக்கட பக்கம் பத்திரம் எழுதுற ஆளு நான். பிடிஎஃப்ப பாத்து அவசரப்பட்டு கையெழுத்து போட்றாதீங்க. வீடு தாத்தா சொந்தமா சம்பாரிச்சதுன்னா, உயில் இல்லாம போயிட்டாருல்ல, 1956 சட்டப்படியே மகன் மகள் எல்லாருக்கும் சரிபங்கு. தாத்தா போனப்ப பாட்டி இருந்திருந்தா பாட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. பூர்வீகச் சொத்துன்னா, நம்ம தமிழ்நாட்டுல 1989லயே பொண்ணுங்களுக்கும் பங்கு குடுத்தாச்சு, ஆனா அந்த வருசம் மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவுகளுக்கு இல்லன்னு வச்சிருந்தாக. 2005ல மத்திய அரசு சட்டத்த திருத்துனப்ப அந்த வெட்டு போயிருச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் பொறப்புலயே உரிமைன்னு தெளிவா சொல்லிருச்சு.

மொதல்ல வாரிசு சான்றுல அம்மா பேரு இருக்கா பாருங்க. வில்லங்கம் போட்டுப் பாத்து வீடு இன்னும் தாத்தா பேர்லதேன் இருக்கான்னு உறுதி பண்ணுங்க. அந்தப் பத்திரத்துல ‘பிரதிபலன்’னு ஒரு எடம் வரும், அதுல இவ்வளவு ரொக்கம் பெற்றுக்கொண்டுன்னு எழுதிருப்பாக, கைக்கு வராத காச வாங்குனதா போட்டு கையெழுத்து கேட்டா போடாதீக. ரிஜிஸ்டர் ஆயிருச்சுன்னா அப்புறம் கோர்ட்டு படியேறாம மாத்த முடியாது. நல்ல வக்கீல் ஒருத்தர்ட்ட ஒருவாட்டி காட்டிருங்க.

தார் சுத்துன காச கணக்குல காட்ட முடியாது தம்பி, அது எழுத்துல இல்லேல்ல. ஆனா மகளா பொறந்ததுக்கே பங்கு இருக்கு.

கோரிப்பாளையம்_குட்டி:

எல்லாம் சரி, வெண்டக்கா குழம்பு எப்படி இருந்துச்சு

தரை_டிக்கெட்:

மேலூர் மதினி, சுசீலாம்மா மட்டுந்தேன் கேக்குதுன்னா எப்படி? கூடப் பாடுன டி.எம்.எஸ். நம்ம மதுரைல பொறந்தவரு. அத மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன். மத்தபடி நீங்க சொன்னத நேத்துல இருந்து யோசிச்சுட்டுத்தேன் இருக்கேன். எனக்கும் ரெண்டு தங்கச்சி.

செல்லூர்_தறிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. குழம்பு கொஞ்சம் உப்பு கம்மி, அம்மா அன்னைக்கு கவனமாவே இல்ல.

பத்திரக்கார அண்ணன் எழுதுனத அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன். பூராத்தையும் கேட்டுட்டு, பங்கெல்லாம் வேணாம்டா, ஆனா அவரு வந்து கேக்கட்டும், ஃபோன்ல கேக்காம எங்க வீட்டுத் திண்ணைல ஒக்காந்து கேக்கட்டும்னுச்சு. பங்கு வேணாம்னு நீயா முடிவு பண்ணாத, மொதல்ல வக்கீல்கிட்ட போவோம்னு நான் சொல்லிருக்கேன், அதுக்கு ஒண்ணுஞ் சொல்லல.

நேத்து ராத்திரி நானே மாமாவுக்கு அடிச்சேன். பத்திரம் அனுப்புனது அத்தைன்னே அவருக்குத் தெரியாதுன்னாரு, நம்புறதா வேணாமான்னு தெரியல. கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் “தார் சுத்துனதெல்லாம் இன்னும் சொல்லுதா?”ன்னு கேட்டாரு. சொல்லுதுன்னேன். ஞாயித்துக்கெழம வர்றாராம். அம்மா அர கிலோ கறி எடுத்தாரச் சொல்லிருக்கு, நெஞ்செலும்பு போட்டு, மாமாவுக்கு அதுதேன் பிடிக்குமாம்.